அணையாத அடுப்பு



பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். சரித்திரம் என்றாலே பிள்ளைகளுக்கு ராஜாக்களும் சண்டைகளும்தாம் நினைவுக்கு வரும். யார் எந்த ஊரைப் பிடித்தார், யார் யாரைத் தோற்கடித்தார் என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். ஆகவே இந்த முறை ஓர் அடுப்பின் சரித்திரத்தைச் சொல்லலாம் என்று எண்ணினேன். அரண்மனை அடுப்பு அல்ல. பசித்து வந்தவர்களுக்காக மூட்டப்பட்ட அடுப்பு.

நம் தோட்டங்களில் ஆண்டுக்கொரு முறை திருவிழா வருகிறது. காப்புக் கட்டுகிறோம், கரகம் எடுக்கிறோம், அலகு குத்துகிறோம். கடைசியில் பெரிய அண்டாவில் சோறு வடித்து, சாம்பார் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுகிறோம். லயத்துப் பாட்டிமார்கள் ஒரு பேச்சுப் பேசுவார்கள்: “சாமிக்குப் படைச்சதைச் சாமியா வந்து தின்னுது? பசிச்சவன் தின்னாத்தான் சாமிக்கு வயிறு நெறையும்.” எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டிகளின் வாக்கில் ஒரு பெரிய கேள்வியும் அதற்கு விடையும் இருக்கின்றன. தெய்வத்தின்மீது பக்தி வைத்தவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் பசியைப் பற்றி என்ன கடமை? கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் அது தீர்ந்துவிடுமா? அல்லது கோயில் வாசலிலிருந்துதான் அது தொடங்குகிறதா?

இந்தக் கேள்விக்கு நம்முடைய முன்னோர்கள் என்ன பதில் சொன்னார்கள், எப்படி நடந்து காட்டினார்கள் என்பதைப் பார்ப்போம்.

வீழிமிழலையில் விழுந்த காசு

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும். இருவரும் திருவீழிமிழலை என்ற ஊரில் தங்கியிருந்தபோது கொடிய பஞ்சம் வந்தது. மழை இல்லை, விளைச்சல் இல்லை. அடியார்கள் பசியால் வாடினார்கள். அப்போது இறைவன் இருவர் கனவிலும் தோன்றி, தினம் ஒரு பொற்காசு தருவதாகச் சொன்னானாம். அப்படியே நாள்தோறும் கோயிலின் கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசும் கிடைத்தன. அதைக் கொண்டு அரிசி பருப்பு வாங்கி, இருவருடைய மடங்களிலும் அடியார்களுக்கு உணவளித்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இந்த வரலாறு இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாவுக்கரசர் மடத்தில் நேரத்தோடு சாப்பாடு ஆகிவிடும். சம்பந்தர் மடத்தில் தாமதமாகும். என்ன காரணம் என்று சம்பந்தர் விசாரித்தார். “நமக்குக் கிடைக்கும் காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்துத்தான் வாங்குகிறார்கள். நாவுக்கரசருடைய காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள்” என்று சொன்னார்கள். ஏன் இந்த வேற்றுமை? நாவுக்கரசர் கையில் உழவாரப்படை பிடித்து, கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கியவர், உடம்பால் உழைத்தவர். அதனால்தான் அவருடைய காசுக்குக் குறை இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு சம்பந்தரும் இறைவனைப் பாடி, குறையில்லாத காசு பெற்றார்.

பால்மரம் வெட்டியும் புல் செதுக்கியும் பிழைத்த நம் தோட்டத்து மக்கள் இந்தக் கதையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். வேர்வை சிந்திச் சம்பாதித்த காசுக்கு வட்டம் கிடையாது. அந்தக் காசில் ஒரு பிடி சோறு போட்டாலும் அது முழுச் சோறு.

இன்னொருவர் இளையான்குடி மாறனார். செல்வமாய் இருந்து, வந்தவர்க்கெல்லாம் விருந்திட்டு, வறுமைப்பட்டவர். மழை கொட்டும் நள்ளிரவில் ஓர் அடியார் வந்து கதவைத் தட்டினார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில்தான் வயலில் விதை நெல் விதைத்திருந்தார்கள். மாறனார் இருட்டில் தடவித் தடவி வயலுக்குப் போய், முளைத்திருந்த விதை நெல்லை வாரிக்கொண்டு வந்தார். எரிக்க விறகில்லை; வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்துக் கொடுத்தார். அவருடைய மனைவியார் அந்த நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கினார்.

தமிழின் பெருங்காப்பியங்களில் ஒன்றான மணிமேகலையும் சோற்றின் கதைதான். மணிமேகலையின் கையில் அமுதசுரபி என்ற பாத்திரம். எடுக்க எடுக்கக் குறையாத சோறு. அவள் சிறைச்சாலையைக்கூட அறச்சாலையாக மாற்றச் செய்தாள். நாவுக்கரசரும் சம்பந்தரும் மாறனாரும் சைவர்கள். மணிமேகலை பௌத்தத்தைத் தழுவியவள். சமயம் வேறு, சோறு ஒன்றுதான்.

பசியை அறிந்த பிள்ளை

பழங்கதை போதும். இனி, நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம். சிதம்பரத்துக்கு அருகே மருதூர் என்னும் சிற்றூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மையார். ஐந்தாவது பிள்ளையான அக்குழந்தைக்கு இராமலிங்கம் என்று பெயரிட்டார்கள். பிறந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார். தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார். மூத்த அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

சிறுவன் இராமலிங்கத்துக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதி என்று கிடந்தான். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவன் வீட்டுக்கு வந்தால் சோறு போடாதே” என்று மனைவிக்கு உத்தரவு போட்டுவிட்டார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. புருஷனுக்குத் தெரியாமல், புறக்கடை வழியாகக் கூப்பிட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டார் என்று சொல்வார்கள். பின்னாளில் ஊருக்கெல்லாம் சோறு போட்ட வள்ளலாருக்கு முதல் பாடம் சொன்னவர் அந்த அண்ணிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு போட வேண்டும். புத்திமதி எல்லாம் அதற்கப்புறம்!

இராமலிங்கர் வளர்ந்தார். கவிஞராகவும் உரையாளராகவும் பெயர் பெற்றார். ஆனால் பட்டணத்து ஆரவாரம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1858ஆம் ஆண்டு வாக்கில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, தென்னார்க்காட்டுப் பக்கம் வந்து, கருங்குழி என்ற ஊரில் வேங்கட ரெட்டியார் வீட்டில் பல ஆண்டுகள் தங்கினார். அங்கே அவர் தண்ணீரில் விளக்கெரித்ததாக ஓர் அற்புதம் சொல்லப்படுகிறது. ஊர் உலகம் அந்த அற்புதத்தைத்தான் பெரிதாகப் பேசும். ஆனால் அதைவிடப் பெரிய அற்புதம் அடுத்து நடந்தது.

1865இல் அவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சாதி, சமய வேற்றுமை கூடாது, எல்லா உயிரும் ஓர் உறவு என்பது அதன் கொள்கை. அடுத்த ஆண்டு, 1866இல், ஒரிசாவிலும் அதை அடுத்திருந்த சென்னை மாகாணத்து வடபகுதியிலும் கொடிய பஞ்சம். மனிதர் புழுப்போல் மடிந்தார்கள். 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை வள்ளலார் தொடங்கி வைத்தார். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் ஊர் மக்கள். ஏறக்குறைய 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது வடலூர் மக்களின் பெருமை. 150 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றைக்கும் அங்கே போனால் நீ யார், எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. “உட்காரு, சாப்பிடு” என்பார்கள்.

அடுப்புக்குப் பின்னால் இருந்த கொள்கை

வள்ளலார் இதை வெறும் இரக்கத்தால் மட்டும் செய்யவில்லை. சீவகாருணிய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் காரண காரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அதன் கருத்தை எளிய தமிழில் சொல்கிறேன்.

தெய்வத்தின் அருளைப் பெற ஒரே வழி, மற்ற உயிர்களிடம் இரக்கம் காட்டுவது. உயிர்களுக்கு வரும் துன்பங்கள் பல. ஆனால் எல்லாவற்றிலும் கொடியது பசி. பசி வந்தால் அறிவு மங்கும், மானம் போகும், பக்தியும் நில்லாது. பெற்ற பிள்ளையைக்கூட விற்கச் செய்யும். ஆகையால் ஒருவருடைய பசியைத் தீர்ப்பது மற்ற எல்லா அறங்களுக்கும் முதல் அறம். பூசையும் தவமும் செய்துவிட்டுப் பசித்தவனைப் பார்க்காமல் போகிறவன் வாசல் கதவைத் திறக்காமலே வீட்டுக்குள் போக நினைக்கிறவன்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: “ஐயா, அவனவன் கஷ்டம் அவனவன் தலையெழுத்து. போன சென்மத்துப் பாவம். கடவுள் கொடுத்த தண்டனையை நாம் குறுக்கே போய்த் தடுக்கலாமா?” இந்தப் பேச்சு இன்றைக்கும் நம் லயங்களில் கேட்கிற பேச்சுதான். வள்ளலாரும் இதைக் கேட்டிருக்கிறார். அவர் கொடுத்த பதில் சுருக்கமானது. ராஜா ஒருவனைச் சிறையில் போடுகிறான். குற்றத்துக்குத் தண்டனைதான். ஆனாலும் சிறையில் இருப்பவனுக்கு அந்த ராஜாவே ஆள் வைத்துச் சோறு போடுகிறான் அல்லவா? தண்டனை கொடுத்த ராஜாவே பட்டினி போடவில்லை. அப்படியிருக்க, பசித்தவனுக்குச் சோறு போடுவது கடவுளின் கட்டளையை மீறுவது எப்படி ஆகும்? மீறுவது அல்ல, நிறைவேற்றுவது.

இன்னொன்றும் அவர் சொல்கிறார். கலியாணம், காதுகுத்து போன்ற சடங்குகளில் பந்தல் அலங்காரத்துக்கும் மேளதாளத்துக்கும் ஆட்டபாட்டத்துக்கும் பணத்தை வாரி இறைக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் ஏழையின் பசியை மட்டும் கவனிப்பதில்லை. பசித்த வயிறு நிறைந்து வாழ்த்தினால்தான் அந்தச் சடங்கு சுபமாகும் என்பது அவர் கருத்து. அதே சமயம், தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குத் தானம் செய்யச் சொல்லவில்லை. அவரவர் சக்திக்குத் தக்கபடி, வீண் செலவைக் குறைத்து, மிச்சத்தில் செய் என்றுதான் சொன்னார். நம் போன்ற சம்பளக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உபதேசம் வேறு என்ன வேண்டும்?

1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞானசபையை நிறுவினார். அங்கே ஏழு திரைகளை விலக்கிச் சோதி தரிசனம் காட்டுகிறார்கள். 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், அதுவும் தைப்பூசம்தான், மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டவரை அதன்பின் எவரும் காணவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சபை வந்தது 1872இல். சாலை வந்தது 1867இல். முதலில் அடுப்பு, பிறகுதான் கோயில்!

ஒரு ராத்தல் தானியம்

வள்ளலார் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1876இல், பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் சரியாகப் பெய்யவில்லை. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் எங்கும் பஞ்சம். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்போது நாட்டை ஆண்டது வெள்ளைக்கார அரசாங்கம். 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், டில்லியில் பெரிய தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். விருந்து தடபுடலாக நடந்தது. அதே மாதத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்ச நிலைமையைப் பார்த்து வரச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த டெம்பிளின் கதை விசித்திரமானது. 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இவர்தான் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து, தாராளமாகச் செலவு செய்து, ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அதற்குக் கிடைத்த பரிசு என்ன? “பணத்தை வீணடித்தவர்” என்று கண்டனம்! அந்த அவப்பெயரைத் துடைக்க வேண்டுமென்று, சென்னைக்கு வந்தபோது கையை இறுக்கிப் பிடித்தார். நிவாரண வேலையில் கல் உடைத்து மண் சுமக்கும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அத்துடன் ஓர் அணா போதும் என்று தீர்மானித்தார். அதிகம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது வாதம். வேலை வேண்டுமென்றால் சொந்த ஊரைவிட்டுப் பல மைல் தூரம் நடந்து வர வேண்டும் என்ற சோதனை வேறு. நிற்கவே முடியாதவன் எப்படி நடப்பான்?

சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவரும் வெள்ளைக்காரர்தான். உழைக்கிற மனிதனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். கடைசியில் சென்னை அரசாங்கம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. ஆனால் அதற்குள் முகாம்களில் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. இவ்வளவும் நடக்கும்போது இந்தியாவிலிருந்து தானியம் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நியாயத்தையும் சொல்ல வேண்டும்: இங்கிலாந்தின் பொதுமக்கள் 1877இல் லண்டன் நகர மேயரின் பெயரால் நிதி திரட்டி அனுப்பி வைத்தார்கள். அரசாங்கத்துக்கு இல்லாத இரக்கம் சாதாரண ஜனங்களுக்கு இருந்தது.

ஒரு பக்கம் வடலூர் அடுப்பு. மறு பக்கம் முகாமின் தராசு. முன்னது “பசிக்கிறதா?” என்று மட்டும் கேட்டது. பின்னது “நீ இதற்குத் தகுதியானவனா?” என்று கேட்டது. உதவி செய்யும் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். நம்மை அறியாமல் நாமும் பல சமயம் தராசைத்தான் கையில் எடுக்கிறோம். “குடிச்சுட்டுக் கெடக்கிறான், அவன் வீட்டுக்கு எதுக்கு ஒத்தாசை?” என்கிறோம். குடித்தவன் தகப்பன், பசித்திருப்பது பிள்ளை அல்லவா?

பஞ்சத்தால் உண்டான கூக்குரல் வீணாகவில்லை. 1880இல் பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. 1883 முதல் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. பசியில் சாகிறவனைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் கடமை என்பது அன்றைக்குத்தான் ஏட்டில் ஏறியது.

கப்பலேறி வந்தவர்கள்

இந்தப் பஞ்சத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. காடு காய்ந்து, மாடு செத்து, வயிறு ஒட்டியபோது, தமிழ் ஜனங்கள் கப்பலேறினார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மொரீசுக்கும் நெட்டாலுக்கும் போனார்கள். மலாயாவுக்கும் வந்தார்கள். பினாங்குக்கு எதிரே செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள், பிறகு காப்பித் தோட்டங்கள், அப்புறம் ரப்பர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலாயாவில் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவரும் முறை அதற்குப் பின்னும் தொடர்ந்தது.

அப்படி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது என்ன? ஒரு துணி மூட்டை, கொஞ்சம் விபூதி, நெஞ்சு நிறைய சாமி. பால்மரக்காட்டு ஓரத்தில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்றார்கள், முனியாண்டி என்றார்கள். அந்தக் கல்லின் முன்னால் அடுப்பு மூட்டினார்கள். பஞ்சத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் செய்த காரியம் ஊருக்குச் சோறு போட்டது. பத்துமலையில் 1890களின் தொடக்கத்திலிருந்து தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. காவடி போகும் பாதை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், சாப்பாட்டுப் பந்தல். அதே தைப்பூச நாளில்தான் கடலுக்கு அப்பால் வடலூரில் சோதி காட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் இலை விரிகிறது.

நம் மக்களுக்குச் சோதனை அதோடு முடியவில்லை. 1930களின் ஆரம்பத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலையில்லை என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு வந்தது ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதை போடப் பல்லாயிரக்கணக்கான தோட்டத்து ஆண்களைப் பிடித்துப் போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தவர்கள் போக, திரும்பி வந்தவர்கள் எலும்பும் தோலுமாய் வந்தார்கள். தோட்டங்களில் தாலியறுத்த பெண்கள். தகப்பன் முகம் தெரியாத பிள்ளைகள். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக் கிழங்கை இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை.

போர் முடிந்த பின், 1949ஆம் ஆண்டில், ஈப்போவில் பிறந்து துறவு பூண்ட சுவாமி சத்தியானந்தா அவர்கள் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவினார்கள். பூச்சோங் சாலையில் எழுந்த அந்த இல்லத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உடையும் படிப்பும் கிடைத்தன. சுவாமிகள் 1961இல் ஒரு சாலை விபத்தில் மறைந்தார்கள். அப்பொறுப்பை ஏற்று நடத்தியவர் அன்னை மங்களம். 1926இல் பிறந்த அந்த அம்மையார், கலியாணம் காட்சி என்று தமக்கென ஒரு வாழ்வை நாடாமல், ஊரார் பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்து, 2023ஆம் ஆண்டில் தமது 97ஆம் வயதில் மறைந்தார். எல்லாச் சமயமும் போற்றுதற்குரியவையே என்பது அந்த இல்லத்தின் நெறி. வடலூர் அடுப்பின் கங்கு ஒன்று நம் நாட்டிலும் எரிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நாம் வாழும் நாடு பல சமயத்தார் வாழும் நாடு. நம் மலாய் சகோதரர்களுக்கு ஸக்காத் கொடுப்பது ஐந்து கடமைகளில் ஒன்று. சீக்கியர்களின் குருத்துவாராவில் லங்கர் என்னும் பொது அடுப்பு உண்டு; ராஜாவும் கூலியும் ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பசித்தவனுக்குக் கொடுத்தது தனக்கே கொடுத்தது என்பது ஏசுநாதரின் போதனை. ஆளுக்கொரு வழியில் கும்பிட்டாலும், சோற்றுப் பானைக்கு முன் எல்லாருக்கும் ஒரே வேதம்தான்.

பள்ளிக்கூடத்து அடுப்பு

இது பள்ளி மலர். ஆகையால் பள்ளிக்கூடத்துப் பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1920இல் சென்னை நகரசபை, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. பின்னர் முதலமைச்சரான காமராசர், மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, “ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?” என்று கேட்டாராம். “போனா யாரு சோறு போடுவா? நீ போடுவியா?” என்று பையன் திருப்பிக் கேட்டானாம். அந்தக் கேள்வி அவரைத் தைத்தது என்பார்கள். 1956இல் தமிழகம் எங்கும் மதிய உணவுத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் ஊர் மக்களே அரிசியும் விறகும் காய்கறியும் கொடுத்து நடத்தினார்கள். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். தாம் சிறுவயதில் பட்டினி கிடந்ததை அவர் மறக்கவில்லை. 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது.

பாருங்கள், காமராசர் காவி கட்டிய சாமியார் அல்லர். ஆனாலும் அவர் செய்தது வள்ளலார் செய்த அதே காரியம். பக்தி உள்ளவன் உதவுகிறான். பக்தியைப் பற்றி வாய் திறக்காதவனும் உதவுகிறான். சாமி கும்பிட்டும் உதவாதவனைத்தான் என்னவென்று சொல்வது?

தோட்டப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர் எவரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார். விடியற்காலையில் அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளை ஒரு மங்கு வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வரும். பத்து மணிக்குக் கண் சொருகும். “படிப்பு ஏறாத மண்டை” என்று நாம் திட்டிவிடுவோம். மண்டையில் கோளாறு இல்லை, வயிறுதான் காலி. இதை உணர்ந்த ஆசிரியர்கள் தங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி கொடுத்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் டாக்டர்களாகவும் இருக்கிறார்கள். பெரும்பாலான தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. ஆனால் காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை இன்னும் இருக்கிறது. லயத்தில் இருந்தபோது அடுத்த வீட்டுப் பசி பலகைச் சுவர் வழியே தெரிந்துவிடும். அடுக்குமாடியில் கதவைச் சாத்திவிட்டால் தெரிவதில்லை. அதுதான் இன்றைய ஆபத்து.

நாம் என்ன செய்யலாம்?

நம் பாட்டிமார்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அந்தப் பிடி அரிசி வீட்டாருக்குக் குறையாகத் தெரியாது. மாதம் முடிந்தால் ஒரு குடும்பத்துக்கு உதவும். இதைச் செய்யப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை. கலியாணத்திலும் திருவிழாவிலும் பட்டாசுக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிற காசில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், நம் பள்ளியில் ஒரு பிள்ளையும் பசியோடு உட்கார வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகம் இல்லாமல் தலை குனிய வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, உங்களுக்குக் கை தட்டுகிறோம். உங்கள் பக்கத்து மேசையில் பரிசு வாங்காமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். நாளைக்கு ஓய்வு நேரத்தில் அவன் காலையில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டு அவமானப்படுத்தாதீர்கள். வள்ளலாரின் அண்ணி புறக்கடை வழியாகக் கூப்பிட்ட மாதிரி, தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள். வாங்குகிறவன் கை கூசாமல் கொடுப்பதும் தருமத்தில் பாதி.

வடலூரில் ஒருவர் மூட்டிய அடுப்பு அவருக்குப் பிறகும் எரிகிறது. அதற்கு அற்புதம் காரணமல்ல. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் விறகு தள்ளினார், யாரோ ஒருவர் அரிசி கொண்டுவந்தார், யாரோ ஒருவர் விடியலில் எழுந்து சாம்பல் அள்ளினார். அந்த ‘யாரோ ஒருவர்’ நம் ஊரில் நாமாக இருப்போம்.

பசி ஒழிக! தருமம் தழைக்க! தமிழ்ப் பள்ளி வாழ்க!